மறைந்த அருள்முருகனின் மனைவி

விழாவுக்குத் தலைமை ஏற்று, இந்தக் கோட்டையூர் வீட்டின் முன்கூடத்தையே வாசிப்பறைக்கு வழங்கியிருக்கும் மதிப்பிற்குரிய உமையாள் ஆச்சி அவர்களே! அழைப்பிதழை எழுதி, அச்சிட்டு, வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த வாசகர் மன்றச் செயலாளர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் குழந்தைவேலு ஐயா அவர்களே! நாச்சியாபுரத்திலிருந்து டவுன் பஸ் ஏறி வந்து, நாற்காலி வேண்டாம் என்று தூணோரம் தரையில் அமர்ந்திருக்கும் என் மாமியார் மலையம்மாள் அவர்களே! மேடைக்கு இடப்பக்கம் சாய்த்து வைத்த நினைவுக் கல்லுக்குப் பக்கத்திலேயே, எங்கே அது எழுந்து ஓடிவிடுமோ என்று காவல் நிற்கும் கல்தச்சர் கருத்தையா அண்ணன் அவர்களே! பெரியோர்களே, தாய்மார்களே, சிந்துவிடம் படித்தவர்களே, சிந்துவிடம் பெயில் ஆனவர்களே, சுண்டல் எப்போது வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் நேர்மையாளர்களே!

உங்கள் அனைவருக்கும், மறைந்த அருள்முருகனின் மாலை வணக்கம்.

சிரிக்கலாம். தாராளமாகச் சிரிக்கலாம். அழைப்பிதழில் அப்படித்தானே போட்டிருக்கிறது? 'மறைந்த அருள்முருகனின் மனைவி சிந்து நினைவு வாசிப்பறைத் திறப்பு விழா.' அதற்குக் கீழேயே, 'சிறப்புரை: அருள்முருகன்.' செத்தவன் சிறப்புரை ஆற்றுகிறான் என்றால் எந்த ஊரில்தான் கூட்டம் சேராது? இல்லையென்றால் மாற்றிலக்கணம் என்ற தலைப்புக்குக் காரைக்குடிப் பக்கம் இத்தனை பேர் வருவீர்களா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.

இப்போது நான் என்ன செய்தேன் என்று கவனித்தீர்களா? ஒரு பெயர். அதன் தலையில் ஓர் அடைமொழி. அதன் காலில் ஓர் 'அவர்களே'. முடிந்ததா? மறுபடி முதலிலிருந்து. கைவசம் இருப்பது ஒரே ஒரு விதி. அந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு விடியும்வரை விளிக்கலாம். விளித்தே வாழ்க்கையை ஓட்டியவர்களும் உண்டு. விதியோ விரலளவு, விளைவோ வானளவு. அளவான விதிகளிலிருந்து அளவில்லாத வாக்கியங்கள் பிறக்கின்றன என்கிறதே, அதுதான் ஆக்க இலக்கணம். வரவேற்புரையிலேயே பாதி பாடம் முடிந்தது. யாராவது கிளம்ப வேண்டுமென்றால் இப்போது கிளம்பலாம்.

கிளம்பவில்லையா? சரி.

நான் மொழியியல் படித்தவன் அல்லன். எலக்ட்ரிகல் எஞ்சினியர். செக்காலையில் எழும்பும் அடுக்குமாடிகளில் சுவருக்குள் வயர் ஓட்டுபவன். இந்தத் தலைப்பில், இந்த மேடையில், பேசவேண்டியவள் என் மனைவி சிந்து. கல்லூரியில் மொழியியல் நடத்தியவள். தலைப்பைக் கொடுத்தவள் அவள். தேதியைக் கொடுத்தது மன்றம். இரண்டுக்கும் நடுவே ஒன்பது நாள் காய்ச்சல் வந்தது. இன்றோடு பதினோரு மாதம். மன்றத்தார் என்னிடம் வந்து, தலைப்பு சும்மா கிடக்கிறது, நீங்கள் பேசுங்கள் என்றார்கள். அவளுடைய குறிப்பு நோட்டுகள் என் வீட்டில்தான் இருக்கின்றன. வேலை முடிந்து வந்தால் எனக்கும் படிக்க வேறு எதுவும் இல்லை.

அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் கேட்டேயிராத வாக்கியத்தைக் கேட்ட மாத்திரத்தில் எப்படிப் புரிந்துகொள்கிறான்? நான் ஒன்று சொல்கிறேன். 'கும்மாயம் தின்ற யானை கோட்டையூர் பஸ்ஸில் சன்னலோர சீட்டுக் கேட்டது.' இதற்குமுன் கேட்டிருக்கிறீர்களா? உங்கள் தாத்தன் கேட்டிருக்கிறானா? ஆனால் இந்தக் கூடத்தில் புரியாதவர் ஒருவர் உண்டா? ஏன் புரிந்தது? வாக்கியங்களை நாம் மனப்பாடம் செய்து வைக்கவில்லை. வாக்கியம் கட்டும் விதிகளை மண்டைக்குள் வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் படித்தவனும் வைத்திருக்கிறான். பஸ்ஸில் படிக்கட்டுச் சண்டை போடுபவனும் வைத்திருக்கிறான். சண்டைக்காரன் இன்னும் நன்றாகவே வைத்திருக்கிறான்.

அந்த யானையை மறுபடி பாருங்கள். வாக்கியம் என்பது என்ன? ஒரு பெயர்த்தொடர், ஒரு வினைத்தொடர். 'கும்மாயம் தின்ற யானை', இது பெயர்த்தொடர். 'சீட்டுக் கேட்டது', அது வினைத்தொடர். இதை மரமாக வரைவார்கள். வேர் மேலே, இலை கீழே, தலைகீழ் மரம். இப்போது அந்தப் பெயர்த்தொடரின் வயிற்றைத் தடவிப் பாருங்கள். உள்ளே இன்னொரு முழு வாக்கியம் படுத்திருக்கிறது: 'யானை கும்மாயம் தின்றது.' உள்ளே போனபோது அதற்கு என்ன நடந்தது? அதன் யானை நீக்கப்பட்டது. 'தின்றது' என்ற வினையின் வால் வெட்டப்பட்டது. 'தின்ற' என்ற முண்டம் மட்டும் வெளியே நிற்கிறது. நீக்கு, வெட்டு, ஒட்டு. இவைதாம் மாற்று விதிகள்; மாற்றிலக்கணம் என்ற பெயரே இவற்றால் வந்தது. இந்த மாற்றம் நடப்பதற்கு முன்னால் உள்ளே கிடப்பது புதைநிலை. மாற்றம் நடந்தபின் நம் வாயிலிருந்து வருவது புறநிலை.

புதைநிலை! எவ்வளவு பொருத்தமான பெயர். எங்கள் வீட்டில் எரிப்பதுதான் வழக்கம். ஆனால் இலக்கணத்தில் எல்லாரையும் புதைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

முன்வரிசையில் ஓர் அம்மா உச்சுக்கொட்டுகிறார்கள். வேண்டாம் அம்மா. இது வெறும் கலைச்சொல்.

சிந்து இதை எனக்கு வகுப்பு எடுத்துச் சொல்லித்தரவில்லை. அடுப்படியில் சொல்லித்தந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சோம்பல் முறித்துக்கொண்டே, டீ குடிக்கணும் போல இருக்கு என்றேன். தீங்கில்லாத வாக்கியம் என்றுதான் நினைத்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இந்த வாக்கியத்துல ஆளு எங்க?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"மேல பாத்தா ஆளே இல்லை. தானா மழை பேயுற மாதிரி இருக்கு. உள்ள தோண்டிப் பாத்தா ரெண்டு ஆளு ஒளிஞ்சிருக்காக. குடிக்கிறது நீங்க. போடுறது நானு. ரெண்டு பேரையும் நீக்கிப்புட்டு வாக்கியம் பேசுறீக."

அன்று டீ நான்தான் போட்டேன். நீக்கல் விதி எனக்கு அதன்பிறகு மறக்கவேயில்லை. தாய்மார்கள் கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போய் இந்த விதியைப் பயன்படுத்திப் பாருங்கள். ஐயாமார்கள் என்னைத் தேடி வரட்டும். அழைப்பிதழ்படி நான்தான் இல்லையே.

இன்னொரு நாள், ஆச்சி வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளியில் உளுந்தும் கருப்பட்டியும் மணக்கும் கும்மாயம் வந்தது. சிந்து அதைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். கிண்டிய ஆச்சி, கிண்டிய கும்மாயம், கிண்டிய கரண்டி, கிண்டிய நாள். நான்கிலும் அதே 'கிண்டிய'. வெளியே ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் ஆச்சி கிண்டினார்கள், கும்மாயத்தைக் கிண்டினார்கள், கரண்டியால் கிண்டினார்கள், அன்று கிண்டினார்கள். கும்மாயத்தைக் கிண்டலாம். ஆச்சியைக் கிண்ட முடியுமா? கிண்டிவிட்டுத்தான் கோட்டையூரில் இருக்க முடியுமா? ஆச்சி சிரிக்கிறார்கள். அனுமதிக்கு நன்றி ஆச்சி.

அப்போதுதான் நான் சொன்னேன்: இது கன்சீல்டு வயரிங். வெளியே பார்த்தால் நான்கு சுவிட்ச். ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை நிறம். ஒன்று ஃபேனுக்குப் போகிறது, ஒன்று மோட்டாருக்குப் போகிறது, ஒன்று எங்கேயும் போவதில்லை. எது எங்கே போகிறது என்று சுவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. சுவருக்குள் ஓடும் பைப்பைத் தெரிந்தவன்தான் சொல்ல முடியும். இதைச் சொன்னதும் சிந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் வகுப்பில் இதையே தன் உவமை போலச் சொல்லிவிட்டாளாம். காப்புரிமை கேட்டேன். கும்மாயத்தில் பாதி கொடுத்தாள்.

சரி. பாடம் போதும். பிழைக்கு வருவோம்.

முதலில் அழைப்பிதழில் எழுதியிருந்தது வேறு. 'அருள்முருகனின் மறைந்த மனைவி சிந்து.' குழந்தைவேலு ஐயா கையெழுத்தில் நானே பார்த்தேன். பிழையற்ற, பிசிறற்ற, பிசகற்ற தமிழ். அதை ஆச்சியிடம் காட்டப் போனோம். ஆச்சி கண்ணாடியைப் போட்டு ஒருமுறை படித்தார்கள். கண்ணாடியைக் கழற்றினார்கள்.

"சுமங்கலியாப் போன பிள்ளை. அது பேருக்குப் பக்கத்துல 'மறைந்த'ன்னு ஒட்டிவைக்கலாமா? நல்லா இல்லை. அந்த வார்த்தையைக் கொஞ்சம் அங்குட்டுத் தள்ளிப் போடுங்க."

அன்பினால் சொன்னார்கள். ஆச்சிக்கு அவள்மேல் இருந்த அன்பு எனக்குத் தெரியும். ஐயாவும் உடனே தள்ளிப் போட்டார். ஏனென்றால் தமிழில் சொல்லை எங்கே வைத்தாலும் பொருள் மாறாது என்பது ஐயா முப்பத்தைந்து ஆண்டு நடத்திய பாடம். உண்மைதானே? 'ஆச்சி எனக்குச் சாவி கொடுத்தார்கள்.' 'எனக்குச் சாவி ஆச்சி கொடுத்தார்கள்.' 'கொடுத்தார்கள் ஆச்சி எனக்குச் சாவி.' எப்படிப் புரட்டினாலும் சாவி என் கையில்தான் இருக்கிறது. இந்தப் பெருமை இங்கிலீஷ்காரனுக்கு உண்டா? ஆகவே 'மறைந்த' என்ற சொல் ஒரே ஓர் அடி முன்னால் நகர்ந்தது. 'மறைந்த அருள்முருகனின் மனைவி சிந்து.'

ஆனால் ஆச்சியும் சாவியும் முழுத் தொடர்கள், தனிக்குடித்தனக்காரர்கள், வீடு மாற்றிப் போகலாம். 'மறைந்த' என்பது பெயரெச்சம். அதற்குச் சொந்தக்கால் கிடையாது. பக்கத்தில் எந்தப் பெயர் நிற்கிறதோ, அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். கட்டிக்கொண்டது. விளைவு என்ன? அந்தப் பிள்ளை சுமங்கலியாயிற்றே, அபசகுனம் கூடாது என்று நகர்த்தினோம். நகர்த்தியதில் அவள் கைம்பெண் ஆனாள். புருஷன் காலமானான். ஒரு சொல்லை ஓர் அடி தள்ளியதில் ஒரு தாலி அறுந்தது. உலகத்தில் எந்த ஊர் எழுத்தருக்காவது இப்படிப் பிழை செய்ய வருமா? இதற்கு நம்மைப் போலப் பாசமும் வேண்டும், பண்பாடும் வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும்.

ஐயா நாற்காலியில் நெளிகிறார். நெளியாதீர்கள் ஐயா. நீங்கள் எழுதியது தப்பே இல்லை. மாற்றிலக்கணம் உங்களை விடுதலை செய்கிறது. அந்தத் தொடருக்கு இரண்டு மரம் வரையலாம். ஒரு மரத்தில் 'மறைந்த' என்பது அருள்முருகனோடு சேர்கிறது. அதன் புதைநிலையில் 'அருள்முருகன் மறைந்தான்' என்ற வாக்கியம் இருக்கிறது. இன்னொரு மரத்தில் 'அருள்முருகனின் மனைவி' என்ற முழுத்தொடரோடு சேர்கிறது. அதன் புதைநிலையில் வேறொரு வாக்கியம் இருக்கிறது. இரண்டும் இலக்கணத்துக்குச் சம்மதம். ஒரே சுவிட்ச், உள்ளே இரண்டு வயர்.

இரண்டாவது மரத்தில் இருப்பது என்ன வாக்கியம் என்று யாரோ பின்னால் கேட்கிறீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

அழைப்பிதழ் ஊருக்குப் போனது. செக்காலையில் நான் சாமான் வாங்கும் எலக்ட்ரிகல் கடைக்காரர் என் எண்ணுக்கே போன் செய்து, நான் எடுத்ததும், இருக்கீகளா அண்ணே என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். நான் வயரிங் செய்த அடுக்குமாடிக்காரர்கள் வாட்ஸாப் குழுவில் நாற்பத்து மூன்று பேர் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தார்கள். அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன். நன்றி என்று பதில் போட்டேன். அதற்கும் நான்கு பேர் கைகூப்பினார்கள்.

ஆக, பழி ஆச்சிமேலா? ஐயாமேலா? அச்சகத்தின்மேலா? பெரியோர்களே, மெய்ப்புப் பார்த்தது யார் தெரியுமா?

நான்.

அச்சுக்குப் போகும் முன்னால் அழைப்பிதழ் என் போனுக்கு வந்தது. தம்பி ஒருதரம் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஐயா கேட்டிருந்தார். பார்த்தேன். பார்த்த நொடியிலேயே இரண்டு மரமும் தெரிந்தது. பதினோரு மாதமாக அவள் நோட்டுகளைத்தானே படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். சரி என்றேன். மறுவாரம் இதே தொடரைக் கல்லில் செம்மண் சாயத்தால் வரைந்து கருத்தையா அண்ணன் கேட்டார். அப்போதும் சரி என்றேன்.

ஏன்?

முதல் மரத்தில் அவள் இருக்கிறாள். கைம்பெண்ணாக இருக்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டுமே. காலையில் எழுந்து கல்லூரிக்குப் போகிறாள். விடைத்தாள் திருத்துகிறாள். டீ போடுவதில்லை, கேட்க ஆளில்லை. நான் இல்லாத வீட்டில் அவள் நன்றாகவே சமாளிக்கிறாள். என்னைவிட நன்றாகவே சமாளிப்பாள். இடம் மாறிய ஒரு சொல்லைத் திருத்தாமல் விட்டு, என் மனைவியை நான் அதற்குள் உயிரோடு வைத்திருந்தேன். யாருக்கு என்ன நஷ்டம்?

அப்படித்தான் நினைத்தேன். போன வியாழக்கிழமை பகல் பதினொன்றரைக்கு வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

தட்டப்பட்டது என்கிறேன், பாருங்கள். தட்டியவரை நீக்கிவிட்டேன். தட்டியவர் என் அத்தை. அதோ, தூணோரம் இருக்கிறார்கள். நாச்சியாபுரத்தில் யாரோ அழைப்பிதழைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அத்தை ஐந்தாம் வகுப்பு, எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். முதல் சொல், மறைந்த. இரண்டாவது சொல், அருள்முருகனின். மூன்றாவது சொல்லை அவர்கள் கூட்டவில்லை. கட்டிய சேலையோடு பஸ் ஏறிவிட்டார்கள்.

நான் கதவைத் திறந்தேன். சட்டைப்பையில் டெஸ்டர். கையில் பாதி கடித்த பன். அத்தை வாசற்படியிலேயே நின்றார்கள். கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்து, துணி வாங்கும்போது நெருடிப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்கள்.

"நீங்களாச்சும் இருக்கீகளா மாப்ளே?"

இருக்கிறேன் அத்தை என்றேன். அவர்கள் செருப்பு விடும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்கள். முந்தானையில் முகத்தைத் துடைத்தார்கள். பிறகு பையிலிருந்து அந்த அழைப்பிதழை எடுத்து, இது யார் எழுதியது என்று கேட்டார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? விளக்கம் சொன்னேன். அழைப்பிதழின் பின்பக்கத்தில் பேனாவால் இரண்டு மரமும் வரைந்து காட்டினேன். பெயரெச்சம் என்றேன், புதைநிலை என்றேன், இரண்டும் இலக்கணப்படி சரி என்றேன். மகளைப் பறிகொடுத்து, மருமகனும் போய்விட்டான் என்று பஸ் முழுக்க அழுதுகொண்டு வந்த ஒரு தாய்க்கு, செருப்பு விடும் இடத்தில் வைத்து, மாற்றிலக்கணம் நடத்தியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அத்தை கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, ரெண்டு மரம் சரி, எது நெசம் என்றார்கள். இரண்டாவது என்றேன். அதில் என்ன எழுதியிருக்கிறது, வாய்விட்டுப் படியுங்கள் என்றார்கள்.

சிந்து, என்று தொடங்கினேன். சிந்து போன பிறகு, என்றேன். சிந்து இல்லாத, என்றேன். அதற்குமேல் வரவில்லை.

அத்தை சொன்னது இது. அப்படியே சொல்கிறேன்.

"எம் மக செத்துப்போனா. பெத்த வாயால நான் சொல்லிட்டேன் மாப்ளே. நீங்க பதினோரு மாசமா 'அவ இருந்தப்ப', 'அவ போன பெறகு'ன்னே பேசுறீக. போன பெறகு என்னா? அதுக்கு மேல சொல்லாம விட்டா, கேக்குறவுக எதுக்குக் காத்துக்கிட்டுக் கெடக்கணும்?"

அந்த அழைப்பிதழை நான்காக மடித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்கள்.

"செத்தவளை உசுராக்க, இருக்கிற பிள்ளையைச் சாகடிக்கணுமாக்கும்? நாச்சியாபுரத்துலேருந்து இங்குட்டு வந்து சேருற வரைக்கும் எனக்கு ரெண்டு பேருமே இல்லை."

தாய்மார்களே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேனே, அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. என் கட்டைவிரலின் விலையை அந்த அம்மாள் பஸ்ஸில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அன்று இரவு சிந்துவின் நோட்டை வேறு மாதிரி படித்தேன். நம் இலக்கணத்தில் வினைக்கு இரண்டு நிலை. ஒன்று எச்சம். மற்றது முற்று. மறைந்த, போன, இல்லாத, இருந்தபோது, எல்லாம் எச்சம். எச்சம் என்றால் மிச்சம். வினை முடியவில்லை, இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது, வந்து முடித்து வை என்று கையேந்தி நிற்கும் சொல். பதினோரு மாதமாக நான் பேசியதெல்லாம் எச்சம். எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பேசியதும் எச்சம். அவள் விட்டுப்போனதில் நானும் ஓர் எச்சம். அறிஞர்களே, ஏன் 'மறைந்த' என்ற சொல்லில் யார் என்று தெரியவில்லை? யானையின் 'தின்றது' வாலை இழந்து 'தின்ற' ஆனது போல, மறைந்தான் என்பதும் மறைந்தாள் என்பதும் உள்ளே போகும்போது வாலை இழக்கின்றன. வால் போனால் ஆணும் ஒன்று, பெண்ணும் ஒன்று, நானும் ஒன்று, அவளும் ஒன்று. அந்த வாலில்லாத இடத்தில்தான் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். முற்றிலே ஒளிய முடியாது. தமிழ் வினைமுற்றின் கடைசி எழுத்து, யார் என்று கை நீட்டிக் காட்டிவிடும்.

ஆச்சி அவர்களே! நாளைக் காலை கருத்தையா அண்ணன் உளி வைக்கப் போகிறார். கல் உங்களுடையது. சுவர் உங்களுடையது. செம்மண் சாயத்தில் எழுதியதைத் துடைக்க இன்று ஒரு மாலைதான் இருக்கிறது. நாளைக்கு மேல் அந்தத் தொடர் இந்தச் சுவரில் இன்னும் நூறு வருஷம் என்னைச் சாகடித்துக்கொண்டிருக்கும். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் அத்தை இங்கே வருவார்கள். மாதம் ஒருமுறையாவது வருவார்கள். ஒவ்வொரு முறையும் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். இரண்டாவது சொல்லில் ஒவ்வொரு முறையும் நிற்பார்கள். அதை நான் பார்க்க வேண்டாம் ஆச்சி. அந்தத் தொடரை அழிக்கச் சொல்லுங்கள்.

ஆச்சி ஏதோ சொல்கிறார்கள். மைக்கைக் கொண்டுபோய்க் கொடுங்கள். வேண்டாமாம். நானே சொல்கிறேன்.

"அந்தப் பிள்ளையை நானா விதவையாக்கினேன் தம்பி?" என்று கேட்கிறார்கள்.

நாம் எல்லாருமாகச் சேர்ந்து ஆக்கினோம் ஆச்சி. கையெழுத்து மட்டும் என்னுடையது.

"கல்லுதான் எங்களது. வார்த்தை ஒங்களது. என்னா போடணும், சொல்லுங்க" என்கிறார்கள்.

முற்று என்றதும் நான் எங்கே வருகிறேன் என்று புரிந்து, குழந்தைவேலு ஐயா கை தூக்குகிறார். கல்லில் 'இறந்தாள்' என்று போடும் வழக்கம் கிடையாது, வேண்டுமானால் மரியாதையாக 'இயற்கை எய்தினார்' என்று போடலாம் என்கிறார். ஐயா, உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. ஆனால் 'ஆர்' என்று முடித்தால் ஆணும் வரலாம், பெண்ணும் வரலாம். பின்வாசல் வழியாக மறுபடி நானும் வந்துவிடுவேன். மரியாதை போதும் ஐயா. இந்த ஒரு தடவை 'ஆள்' போதும்.

இதுவரை நான் பேசியதில் எங்காவது அந்த வாக்கியத்தைச் சொன்னேனா? இரண்டாவது மரத்தின் அடியில் இருப்பதை? ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். நீக்கினேன், வெட்டினேன், ஒட்டினேன், யானையைக் கூட்டிவந்தேன், உங்களைச் சிரிக்கவைத்தேன். மாற்று விதிகள் எல்லாம் கழன்றபின், அடியில் கிடக்கும் மூல வாக்கியத்தில் இரண்டே சொல்தான் இருக்கிறது.

தண்ணீர் வேண்டாம். நன்றி. வேண்டாம்.

சிந்து இறந்துவிட்டாள்.

அத்தை, கேட்டுச்சா? சொல்லிட்டேன்.

கருத்தையா அண்ணே, எழுதிக்கொள்ளுங்கள். 'சிந்து இறந்துவிட்டாள். அவள் புத்தகங்கள் இங்கே இருக்கின்றன.' அவ்வளவுதான். என் பெயர் வேண்டாம். ஐயா, இதில் ஏதேனும் பிழை இருக்கிறதா? இல்லை என்கிறார். தமிழாசிரியர் சான்று கிடைத்துவிட்டது.

நெடுநேரம் காத்திருந்து கேட்ட பெரியோர்களுக்கும், சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தும், மற்ற இடத்தில் சும்மா இருந்தும் எனக்குத் துணை நின்ற தாய்மார்களுக்கும், சுவரைக் கொடுத்த ஆச்சிக்கும், சொல்லைக் கொடுத்த என் அத்தைக்கும் என் நன்றி.

அண்ணன் கல்லுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சந்தேகம் கேட்கிறார். கல்லில் பெயர்தான் வெட்டுவோம், வாக்கியம் வெட்டிப் பழக்கமில்லை, கடைசியில் புள்ளி வைக்கணுமா என்கிறார்.

வைங்கண்ணே. ரெண்டுக்கும் வைங்க.

வணக்கம்.